இடது பெடலைக் கழற்றியவள்

எங்கள் டவுன்ஹவுஸ் வரிசையில் சைக்கிளின் இடது பெடலைக் கழற்றத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி நான். மற்றவள் அவள். வலது பெடல் மற்றத் திருகாணிகளைப் போலத்தான், இடப்பக்கம் திருப்பினால் கழன்று வரும். இடது பெடலுக்கு மரை எதிர்ப்பக்கம். தெரியாத ஆள் கை வைத்தால் கழற்றுகிறேன் என்று இறுக்கி இறுக்கி மரையைத் தேய்த்துவிடுவார். என் கணவருக்கு மின்குமிழ் மாற்றவே வீடியோ பார்க்கவேண்டும். ஆகவே, யாழ்ப்பாணத்திலிருந்து தங்கை அனுப்பிய படத்தில் என் சைக்கிளின் இடது பெடல் ஒரு கீறல்கூட இல்லாமல் பழைய காலுறையில் சுற்றிக் கிடந்ததைப் பார்த்தபோது, யார் செய்த வேலை என்று நான் ஒருவரையும் கேட்கத் தேவையிருக்கவில்லை.

கோபத்தோடு தொடங்கினால் கடைசிவரை கோபமாகத்தான் வரும். முதலில் சைக்கிளைப் பற்றிச் சொல்கிறேன்.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன் ஒஷாவாவில் ஒரு வீட்டு வாசலில் பழைய சாமான்கள் பரப்பி விற்றுக்கொண்டிருந்தார்கள். நான் போனது ஒரு இடியப்பச் சட்டி அளவுக்குப் பெரிய ஸ்டீமர் கிடைக்குமா என்று பார்க்க. அங்கே கராஜ் சுவரில் சாய்ந்து நின்றது அது. கரும்பச்சை நிறம், இரும்புச் சட்டம், கீழே வளைந்த ஹாண்டில், முன்னுக்கும் பின்னுக்கும் பை கொழுவுகிற இரும்புத் தட்டுகள், தோல் சீற். வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட வாத்தியார், வெள்ளைக்காரர். இது ரூரிங் சைக்கிள், சாமான் ஏற்றிக்கொண்டு நாட்கணக்கில் ஓடுவதற்கென்றே செய்தது, ஓட்டப்பந்தயத்துக்கு அல்ல என்று விளங்கப்படுத்தினார். தனக்கு இடுப்பெலும்பு மாற்றியாகிவிட்டதாம். கிங்ஸ்டன் பக்கம் போகிற ஏரிக்கரைச் சைக்கிள் பாதையின் ருசியான பகுதி ஒஷாவாவைத் தாண்டித்தான் தொடங்குகிறது என்று சொல்லிவிட்டு, சைக்கிளின் சீற்றில் இரண்டு தட்டுத் தட்டி என்னிடம் தந்தார்.

வீட்டுக்குக் கொண்டுவந்தபோது என் கணவர் காரின் பின்கதவைத் திறந்து பார்த்துவிட்டு நெற்றியில் கை வைத்தார்.

"இஞ்சாரும், கனடாவுக்கு வந்து இவ்வளவு காலத்துக்குப் பிறகு உந்தச் சைக்கிள் என்னத்துக்கு? சனம் என்ன நினைக்கும், இவைக்குக் கார் ஓட வக்கில்லையெண்டு நினைக்காதே?"

"நினைச்சா நினைக்கட்டும். நினைக்கிறவைக்கு நான் பெற்றோல் அடிக்கிறேல்லைத்தானே," என்றேன்.

முதல் கோடை முழுக்க அந்தத் தோல் சீற் என்னைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. கருங்கல்லில் குந்தியிருப்பது போல. இரண்டாவது கோடையில் சற்று இரங்கியது. மூன்றாவது கோடையில் ஒருநாள் ஏறியிருந்தேன், சீற் இருப்பதே தெரியவில்லை. என் உடம்புக்கென்று இரண்டு பக்கமும் பள்ளம் விழுந்திருந்தது. அதற்குப் பிறகு வேறு யார் ஏறினாலும் அது அவர்களுக்குக் குத்தும். இந்த நாட்டில் எனக்கென்று அளவெடுத்தது போல இருந்த ஒரே பொருள் அதுதான் என்று நான் அடிக்கடி சொல்லுவேன், வீட்டில் சிரிப்பார்கள்.

மிசிசாகாவில் விமானங்களுக்குச் சாப்பாடு அடுக்குகிற சமையற்கூடத்தில் எனக்கு வேலை. எட்டு மணித்தியாலம் குளிரில் நிற்கவேண்டும். தட்டில் பாண் இங்கே, வெண்ணெய் இங்கே, கேக் இங்கே. யாரோ எங்கேயோ பறப்பதற்கு நான் நின்ற இடத்திலேயே நின்றேன். ஞாயிற்றுக்கிழமை விடிந்து சைக்கிளை வெளியே உருட்டும்போது அதன் பின்சில்லு டிக் டிக் டிக் என்று சத்தம் போடும். அந்தச் சத்தம் கேட்டவுடனேயே என் கால் உளைவு பாதி போய்விடும். பொய் சொல்லவில்லை.

சுமை ஏற்றாவிட்டால் அது கொஞ்சம் துள்ளும். இரண்டு பையிலும் சாமான் நிரப்பிவிட்டால் அப்படியே தரையைப் பிடித்துக்கொண்டு ஓடும். சீனிச்சம்பல் வைத்த பாண், இஞ்சித் தேநீர்ப் பிளாஸ்க், மழைக்கோட்டு, ரியூப் இரண்டு, காற்றடிக்கிற பம்ப். ரூஜ் ஆற்றுப் பள்ளத்திலிருந்து மேலே ஏறும்போது ஆகச் சின்னக் கியரில் போட்டால் போதும், ஆமை போலத்தான் ஏறும், ஆனால் இறங்கித் தள்ளவேண்டி வராது. பளபளவென்று வழுக்கிக்கொண்டு போகிற மெல்லிய சைக்கிள்காரர்கள் என்னைத் தாண்டிப் போவார்கள். போகட்டும். மேட்டின் உச்சியில் அவர்கள் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும்போது நான் தேநீர் ஊற்றிக்கொண்டிருப்பேன்.

சனிக்கிழமைகளில் கராஜில் தமிழ்க் கடையில் சும்மா கிடைக்கிற பத்திரிகைகளை விரித்து, அதன்மேல் சைக்கிளைக் கவிழ்த்து, செயின் துடைப்பேன். பத்திரிகை முழுக்க வீடு விற்கிற முகவர்களின் சிரித்த முகங்கள். ஒவ்வொரு முகத்திலும் கறுப்பு எண்ணெய் சொட்டும். அந்த வேலையில் எனக்கு இருந்த சந்தோசத்தைக் கணவரிடம் சொன்னால் விளங்காது.

அவளுக்கு விளங்கும். ஆறு கதவு தள்ளி இருப்பவள். வீட்டிலேயே உடுப்புத் திருத்தித் தைக்கிற வேலை, எங்கள் பகுதியான வோபர்னில் பாதிச் சனத்தின் சேலைச் சட்டை அவள் கையால் போனதுதான். நான் அந்தச் சைக்கிளில் ஏறப் பழகிய முதல் கிழமை, கார் நிறுத்துமிடத்தில் தொப்பென்று விழுந்தேன். யன்னலுக்குள்ளால் பார்த்துக்கொண்டிருந்தவள் ஊசியும் நூலுமாக ஓடிவந்தாள்.

"எடியே, நீ விழுற வடிவைப் பாக்கிறதுக்கே நானும் ஒண்டு வாங்கோணும் போல கிடக்கு," என்றாள்.

சொன்னபடி வாங்கினாள். நீல நிறம், என்னுடையதைப் போலவே தட்டு வைத்தது. பிறகு இரண்டு பேருமாக அதைக் கழற்றிப் பூட்டிப் பழகினோம். கீரைக்கட்டில் வருகிற நீல றப்பர் வளையங்களை அவள் எறியமாட்டாள். எல்லாவற்றையும் ஹாண்டிலில் மாட்டி வைத்திருப்பாள். பிரேக் கம்பி கட்ட, பை வாய் கட்ட, ஒடிந்த மணியைக் கட்ட, எல்லாவற்றுக்கும் அவளுக்கு அந்த வளையம்தான் வைத்தியம்.

அவளுடைய குணத்துக்கு ஒரு சாட்சி சொல்கிறேன், பிறகு தேவைப்படும். புதுக் கார் வாங்கினால் எங்கள் ஆட்கள் கோயிலுக்குக் கொண்டுபோய்ச் சில்லுக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து நசிப்பார்கள். சைக்கிளுக்கும் செய்யவேண்டும் என்று அவள் பிடிவாதமாக நின்றாள். ஐயர் வெளியே வந்து, "வாகனம் எங்கையம்மா?" என்று கேட்டுவிட்டு, பாவம், சிரிப்பை அடக்கிக்கொண்டு சைக்கிளுக்குச் சந்தனம் வைத்தார். நான் ஏறி மிதித்தேன். எலுமிச்சம்பழம் நசியவில்லை. சில்லுக்குக் கீழே இருந்து வழுக்கி உருண்டு போய்விட்டது. எனக்கு முகம் செத்துவிட்டது. ஐயர் தட்டை எடுக்கத் திரும்பிய நேரம் பார்த்து, அவள் பழத்தைக் காலால் இழுத்துச் செருப்பால் ஒரு மிதி மிதித்தாள்.

"நசிஞ்சுது ஐயா!" என்று உரக்கச் சொன்னாள். பிறகு என் காதுக்குள், "சில்லாலதான் நசியோணும் எண்டு எங்கை எழுதிக் கிடக்கு?" என்றாள். கடவுளோடு சட்டம் பேசுகிறவள் அவள்.

பன்னிரண்டு வருடம், வைகாசி தொடங்கி ஐப்பசிவரை ஞாயிறு தவறாமல் ஓடினோம். ஏரிக்கரைப் பாதையில் பிக்கறிங், ஏஜாக்ஸ், விற்பி, ஒஷாவா. பாதை ஒடுக்கம் என்பதால் முன்னும் பின்னுமாகத்தான் ஓடுவோம். முகம் பார்க்காமல் முதுகைப் பார்த்துக் கதைப்பதில் ஒரு வசதி இருக்கிறது. முகத்துக்கு நேரே சொல்ல முடியாத எத்தனையோ கதைகளை நான் அவளுடைய முதுகுக்குச் சொல்லியிருக்கிறேன், அவள் என்னுடையதற்குச் சொல்லியிருக்கிறாள். கூடப்பிறந்தவளுக்கும் அப்படிச் சொன்னதில்லை.

ஒவ்வொரு முறையும் ஒஷாவாவில் திரும்பிவிடுவோம். திங்கட்கிழமை வேலை. அந்த வாத்தியார் சொன்ன ருசியான பகுதி அங்கேதான் தொடங்குகிறது, நாங்களோ அதன் வாசலில் நின்று தேநீர் குடித்துவிட்டு வீட்டுக்கு வருவோம். ஆகவே முடிவெடுத்தோம்: நான் பென்சன் எடுக்கிற வருடம், ஆனி மாதம், ஐந்து நாள், கிங்ஸ்டன். குளிர்சாதனப் பெட்டியில் வரைபடம் ஒட்டி, இரவு தங்கும் இடங்களில் சிவப்புப் பொட்டு வைத்தேன். இரண்டு வருடமாகப் பால் எடுக்கும்போதெல்லாம் அந்தப் பொட்டுகளைப் பார்த்தேன். அதைத் தவிர எனக்கு வேறு பெரிய ஆசை ஒன்றும் இருக்கவில்லை.

பென்சனுக்கு முந்திய புரட்டாதி. ஒஷாவாவிலிருந்து திரும்பி வரும் வழி. விற்பி தாண்டி, புல்வெளியில் கடற்புறாக்கள் நிறைய இருந்தது ஞாபகம். அடுத்த ஞாபகம் அவளுடைய முகம், மேலேயிருந்து. என் பிளாஸ்க் தேநீர் என் கழுத்தில் வழிந்துகொண்டிருந்தது. தண்ணீர்ப் போத்தல் என்று நினைத்து அதை ஊற்றிவிட்டாளாம். நல்லவேளை ஆறிப்போயிருந்தது.

"எவ்வளவு நேரம்?" என்று கேட்டேன்.

"ஒரு நிமிசமும் இல்லை," என்றாள். அவளுடைய உதடு நடுங்கியதைப் பார்த்தேன்தான். தேநீரை ஊற்றிய வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கு உடனே வந்த பயம் என் உயிரைப் பற்றி அல்ல. மயங்கி விழுந்தது டாக்டருக்குத் தெரிந்தால் லைசென்ஸ் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதிவிடுவார். லைசென்ஸ் போனால் மிசிசாகாவுக்கு வேலைக்குப் போக வழியில்லை, பென்சனுக்கு இன்னும் ஒன்பது மாதம். கணவருக்குத் தெரிந்தால் சைக்கிளை அன்றைக்கே குப்பையில் போட்டுவிடுவார். கிங்ஸ்டன் அவ்வளவுதான். நான் புல்லில் கிடந்தபடியே அவளுடைய கையைப் பிடித்து என் தலையில் வைத்தேன்.

"என்ர தலையில கை வைச்சுச் சத்தியம் பண்ணு. ஒரு குஞ்சுகுருமானுக்கும் சொல்லமாட்டன் எண்டு."

"உனக்கென்ன விசரே? டொக்டரிட்டைப் போவம்."

"பண்ணடி!"

எங்கள் ஆட்களுக்குத் தெரியும், ஒருவரின் தலையில் கை வைத்துப் பண்ணுகிற சத்தியம் சும்மா சத்தியம் அல்ல. மீறினால் கேடு மீறினவருக்கு வராது, யாருடைய தலையோ அவருக்குத்தான் வரும். அவள் பாதையின் இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு, "உன்னாணை, சொல்லமாட்டன்," என்றாள். எழும்பி ரயில் நிலையம்வரை மெல்ல ஓடி, சைக்கிள்களோடு ரயில் ஏறி வீட்டுக்கு வந்தோம்.

பனி வந்தது, போனது. சித்திரையில் நான் புது ரயர் போட்டேன். ஹாண்டிலுக்குப் புதுப் பட்டி சுற்றினேன். வைகாசியில் ஒரு சனிக்கிழமை மேலதிக வேலைக்குப் போய்விட்டு வந்து கராஜைத் திறந்தால், சைக்கிள் நின்ற இடத்தில் கணவரின் பனிக்கால ரயர்கள் நான்கும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இருந்தன.

கள்வர் வந்துவிட்டார்கள் என்றுதான் கத்தினேன். அவர் மெல்ல வந்து கதவடியில் நின்றார்.

"கார்கோவில போட்டாச்சு. உம்மட தங்கச்சி படிப்பிக்கிற பள்ளிக்கூடத்துக்கு நடந்தெல்லோ போறா எண்டனீர். அவவுக்கு அனுப்பினனான்."

"என்ர சைக்கிளையோ? ஆரைக் கேட்டு?"

"கராஜுக்குள்ள இடமில்லை. உமக்கும் வயசு போகுது," என்றார் சுவரைப் பார்த்தபடி.

எங்கள் ஆட்கள் ஊருக்குப் பெட்டி போடுவது புதிதல்ல. பால்மா, சவர்க்காரம், பழைய உடுப்பு, கட்டில் விரிப்பு, எல்லாம் கடற்கப்பலில் போகும். வீட்டில் எது தேவையில்லையோ அது ஊருக்குத் தேவை என்று ஒரு முடிவு. ஆனால் என் உடம்பின் பள்ளம் விழுந்த சீற்றைப் பெட்டிக்குள் போட்டு ஆணி அடிப்பார்கள் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. மனுசனை என்னென்ன பேசினேனோ தெரியாது. மூன்று பாத்திரம் உடைந்தது. கப்பல் வெளிக்கிட்டுவிட்டது என்று கார்கோக்காரர் சொன்னார்.

அழுதுகொண்டு நான் எங்கே போனேன் என்று நினைக்கிறீர்கள்? அவளிடம். தையல் மெசினை நிற்பாட்டி, என்னைக் கட்டிப் பிடித்தாள். தேநீர் போட்டுத் தந்தாள். "ஐயோ, அழாதை, அழாதையடி," என்று முதுகைத் தடவினாள். என்னோடு சேர்ந்து அவளும் அழுதாள். தான் அண்ணை என்று கூப்பிடுகிற என் கணவரை மட்டும் அவள் கடைசிவரை திட்டவில்லை. அவள் நல்லவள், குடும்பத்துக்குள் புகமாட்டாள் என்று நான் அதையும் மெச்சிக்கொண்டு வந்தேன். என் மடைத்தனத்தை எதில் எழுத?

ஆனி மாதம் பென்சன் எடுத்தேன். வேலையிடத்தில் கேக் வெட்டினார்கள். கிங்ஸ்டனுக்கு வெளிக்கிட வைத்திருந்த நாளில் நான் வீட்டில் இருந்து மரக்கறி வெட்டினேன். வேறு சைக்கிள் வாங்கப் போகிறேன் என்றேன். "பொறு, அவசரப்படாதை," என்றாள் அவள். தனக்கும் முழங்கால் நோவாம், இந்த வருடம் ஓடமாட்டாளாம். கணவரோடு நான் சோறு போடுகிற கதையைத் தவிர வேறு கதை கதைக்கவில்லை. ஏழு கிழமை அந்த மனுசன் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார்.

அப்போதுதான் தங்கையின் படம் வந்தது. முற்றத்தில் பெட்டியை உடைத்துப் பரப்பி எடுத்திருந்தாள். முன்சில்லைப் பூட்டுகிற கவர் நசியாமல் இருக்க இடையில் மரத்துண்டு செருகி இருந்தது. செயின் துணியில் சுற்றி இருந்தது. பிரேக் பிடிகளில் நீல றப்பர் வளையங்கள், ஒன்றல்ல, மும்மூன்று. பெடல்கள் காலுறைக்குள். இடது பெடலின் மரை மட்டும் வெளியே தெரிந்தது, புதிதுபோல. படத்தின் கீழே தங்கை குரல்பதிவும் அனுப்பியிருந்தாள். நான் கேட்கவில்லை. கண் இருட்டிக்கொண்டு வந்தது.

கணவரிடம் போனை நீட்டினேன். "இதை ஆர் கழட்டினது?"

அவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், கழற்றினார். "அந்தப் பிள்ளைதான். உந்தச் சைக்கிள் இனி இந்த வீட்டில இருக்கக்கூடாது அண்ணை, ஏன் எண்டு மட்டும் கேளாதேங்கோ எண்டு வந்து நிண்டது."

"நீங்கள் கேக்கேல்லையே?"

"கேளாதேங்கோ எண்டெல்லோ சொன்னது."

முப்பது வருடம் குடித்தனம் நடத்திய மனுசன். அவருக்குத் தேவைப்பட்டது ரயர் வைக்க இடம். கிடைத்தது. காரணம் எதற்கு?

ஆறு கதவையும் நான் எப்படிக் கடந்தேன் என்று ஞாபகம் இல்லை. செருப்பும் போடவில்லை. அவள் யாருடையதோ கலியாணச் சட்டைக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தாள். படத்தைப் பார்த்தவுடனேயே ஊசியைக் குத்தி வைத்தாள்.

"நான்தான்," என்றாள்.

"என்ர கையைப் பிடிச்சு அழுதியே! அந்தக் கையாலதானே கழட்டினாய்? வெக்கமில்லையே உனக்கு?"

"கேள்—"

"அந்தாள் ஏழு கிழமையா என்னட்டை ஏச்சு வாங்கிச்சுது. நீ பாத்துக்கொண்டு இருந்தாய். நான் விழுந்ததைச் சொல்லமாட்டன் எண்டு சத்தியம் பண்ணினனியெல்லே?"

"பண்ணினனான். சொல்லேல்லை. உன்ர தலையில கை வைச்சுப் பண்ணினது, நான் எப்பிடிச் சொல்லுறது? சொன்னா உனக்கெல்லோ ஆகாது." நேரே என் கண்ணைப் பார்த்தாள். "சைக்கிளை அனுப்பமாட்டன் எண்டு நான் சத்தியம் பண்ணேல்லை."

எலுமிச்சம்பழத்தைக் காலால் மிதித்த அதே முகம். என் பன்னிரண்டு வருடத்தையும் மிதித்துவிட்டு, சத்தியம் தவறவில்லை என்று கணக்குத் தீர்த்துக்கொண்டு நிற்கிறாள்.

"இன்னும் ஒண்டு சொல்லோணும் உனக்கு," என்றாள்.

"ஒரு கோதாரியும் வேண்டாம். இந்த வாசல் மிதிக்கமாட்டன்," என்று திரும்பி வந்துவிட்டேன்.

எதிரி செய்தால் எதிரி என்று விட்டுவிடலாம். இவளுக்கு எந்தத் திருகாணி எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரியும். என் சீற் எனக்கு எத்தனை கோடை எடுத்தது என்று தெரியும். சிவப்புப் பொட்டுகளில் இரண்டு அவள் வைத்தது. எல்லாம் தெரிந்த ஒருத்தி, கீறல் விழாமல், துணி சுற்றி, பத்திரமாகச் செய்த துரோகம். முரட்டுத்தனமாக உடைத்து எறிந்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு நொந்திருக்காது. ஞாயிற்றுக்கிழமைகளில் யன்னல் சீலையை இழுத்து மூடிக்கொண்டு இருந்தேன்.

ஆடி கடைசியில் குசினியில் விழுந்தேன். பருப்புக் கழுவிக்கொண்டு நின்றது ஞாபகம். கணவர் அம்புலன்சைக் கூப்பிட்டுவிட்டார். ஆஸ்பத்திரியில் நெஞ்சில் வயர் ஒட்டி, சிறிய பெட்டி ஒன்றை இடுப்பில் கட்டி அனுப்பினார்கள். பிறகு இருதய டாக்டர், இளம் பெண், எல்லாவற்றையும் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார். இதற்கு முன் நடந்திருக்கிறதா? யாராவது கூட இருந்து பார்த்தார்களா?

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். பக்கத்தில் கணவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஓம் என்றேன். எவ்வளவு நேரம் நினைவில்லாமல் கிடந்தீர்கள், மூச்சு வந்ததா, நிறம் மாறியதா என்று டாக்டர் கேட்டார். மயங்கினவருக்கு அது தெரியாது, பார்த்தவர் சொன்னால்தான் முடிவெடுக்கலாம், அடுத்த முறை அவரைக் கூட்டிவாருங்கள் என்றார்.

உலகத்தில் அந்தப் பதிலை வைத்திருந்தவள் ஒருத்திதான். மிதிக்கமாட்டேன் என்ற வாசலில் போய் நின்றேன். கதவைத் திறந்தவள் ஒன்றும் கேட்கவில்லை. அவளுடைய கையை இழுத்து என் தலையில் வைத்தேன்.

"உந்தச் சத்தியத்தை நான் திருப்பி எடுக்கிறன். வந்து சொல்லு. உதுக்காகக் கோபம் போயிட்டுது எண்டு நினையாதை."

"நினைக்கேல்லை," என்றாள். அடுத்த நிமிடம் கைப்பையோடு வந்து நின்றாள்.

அவளுக்கு ஆங்கிலம் கேட்டால் விளங்கும், பேச வராது. டாக்டரின் அறையில் அவள் தமிழில் சொல்ல, நான்தான் மொழிபெயர்க்கவேண்டி வந்தது. நான் விழுந்த கதையை நானே சொல்லவேண்டும், அவளுடைய வாயிலிருந்து எடுத்து.

"சைக்கிளோட அப்பிடியே சரிஞ்சவ," என்றாள். மொழிபெயர்த்தேன்.

"சொண்டு நீலமாப் போச்சுது. மூச்சு இல்லை. நான் ஒண்டு, ரெண்டு எண்டு எண்ணத் தொடங்கினன். நாப்பது மட்டும் எண்ணினன்."

நாற்பதா? ஒரு நிமிடமும் இல்லை என்று அன்றைக்கு எனக்குச் சொன்னாள், மூச்சில்லை என்று சொல்லவில்லை. மொழிபெயர்த்தேன். டாக்டர் எழுதினார்.

"பேந்து ரயில் ஸ்ரேசன் மேடையில ஒருக்கால். சைக்கிளைப் பிடிச்சபடி நிண்டவ, கண் திறந்துதான் இருந்தது, நான் கூப்பிடக் கூப்பிடக் கேக்கேல்லை. பிறகு தானா முழிச்சு, ரயில் வந்திட்டுதோ எண்டு கேட்டவ. அது இவவுக்குத் தெரியாது. அதைத்தான் அண்டைக்குச் சொல்ல வந்தனான்."

எனக்கு அந்த மேடையே ஞாபகம் இல்லை. டாக்டர் பேனாவைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தார். எப்படியோ சொல்லி முடித்தேன்.

"முதல் தரம் விழுந்தேக்கை நான் இவ செத்துப்போட்டா எண்டு நினைச்சன். பிரேதத்தை எப்பிடி வீட்டை கொண்டுபோறது எண்டு யோசிச்சன்," என்றாள்.

அவள் மிகவும் கவலைப்பட்டாள் என்று நான் ஆங்கிலத்தில் சொன்னேன்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "நான் அப்பிடிச் சொல்லேல்லை. சரியாச் சொல்லு."

சரியாகச் சொன்னேன். பிரேதம் என்ற சொல்லையும் விடவில்லை.

இருதயம் இடையிடையே துடிக்க மறந்துபோகிறதாம். தோலுக்குக் கீழே சின்னக் கருவி ஒன்று வைத்தால் மறந்த நேரத்தில் அது தட்டி எழுப்புமாம். வைத்து, ஆறி, நன்றாக வேலை செய்தால் சைக்கிள் ஓடலாமா என்று கேட்டேன். டாக்டர் சிரித்தார். ஏன் ஓடக்கூடாது, விழுந்த உடனேயே வந்திருந்தால் இந்தக் கோடையிலேயே ஓடியிருக்கலாமே என்றார்.

அதை நான் அவளுக்கு மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை. அவளுக்கு விளங்கிவிட்டது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

வெளியே பஸ் தரிப்பிடத்தில் நின்றோம். எனக்குக் கார் ஓடத் தடை போட்டாகிவிட்டது, கணவர் வேலைக்குப் போயிருந்தார். கருவி வைத்த பிறகு பின்கோடையில் ஒருநாள் ரூஜ் மட்டுமாவது போகலாம் என்று என் மனம் அதற்குள் ஓடத் தொடங்கிவிட்டது. கேட்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டேன்.

"என்ரயை அனுப்பிப்போட்டாய். உன்ர நீலத்தை எனக்கு ஒரு நாளைக்கு இரவல் தா. உனக்குத்தான் முழங்கால் ஏலாதே."

"எந்த நீலம்?"

"உன்ர சைக்கிள், விசரி."

அவள் பஸ் வருகிற பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "முழங்காலுக்கு ஒண்டுமில்லை. அதுவும் உதே பெட்டியிலதான் போனது. உன்னை இருத்திப்போட்டு நான் மட்டும் ஓடுறதே?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏனடி எனக்குச் சொல்லேல்லை?"

"சொல்ல விட்டனியே?"

பஸ்ஸில் ஏறி நான் முன்னுக்கும் அவள் பின்னுக்கும் இருந்தோம். மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைக்கவேண்டாம். கேட்டு அனுப்பியிருக்கலாம். அழுத என்னைக் கட்டிப் பிடிக்காமலாவது இருந்திருக்கலாம். போனை எடுத்து, தங்கையின் அந்தப் படத்தைத் திறந்து, இரண்டு விரலால் பெரிதாக்கினேன். ஆத்திரம் வரும்போதெல்லாம் எடுத்துப் பார்த்த படம்தான். பச்சைச் சட்டத்துக்குப் பின்னால் மாமரத்தடியில் நீலக் கம்பி ஒன்று சாய்ந்து நின்றது. காலுறைகளை எண்ணினேன். பெடல்கள் நான்கு இருந்தன.